பழைய பென்ஸ் வாங்கலாமா சார்?

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் என் மகள் ஒரு படம் போட்டாலும் போட்டாள். கைலியும் பழைய பனியனுமாக, முழங்கை வரைக்கும் கிரீஸோடு, பானெட் திறந்த என் பழைய பென்ஸ் பக்கத்தில் நான் இளித்துக்கொண்டு நிற்கிற படம். அதற்கு வந்த விருப்பக்குறிகள் நான் நல்லாசிரியர் விருது வாங்கிய படத்துக்குக்கூட வரவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உள்பெட்டியில் ஏழு பேர் ஒரே கேள்வியை ஏழு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மூணு லட்சத்துக்கு ஆடி வருது சார், வாங்கலாமா? நாலு லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ, உங்களை மாதிரி வீட்டிலேயே ரிப்பேர் பார்த்துக்கலாமா?

எட்டாவது கேள்வி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. என் தங்கச்சி மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, 2005 மாடல் பென்ஸ் இ-கிளாஸ் டீசல் ஒன்றைப் பேசி முடிக்கிற நிலையில் இருக்கிறான். டெல்லி வண்டி. புரோக்கர் கேட்கிற விலை 3,75,000. பணத்துக்குத் தங்கச்சியின் நகையை வங்கியில் வைப்பதாகப் பேச்சு. அவள் தயங்கியதும் பையன் என் படத்தைக் காட்டியிருக்கிறான். "மாமா ரிட்டையர்டு வாத்தியாரு. அவரே வெச்சிருக்காரு, நான் வெச்சுக்கக் கூடாதா?" என்று.

தங்கச்சி எனக்கு போன் போட்டு, "ஏனுங்ணா, நீங்க வெச்சிருக்கறதப் பாத்துத்தானுங்க அவன் இப்படி ஆடறான்" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாளாகப் பேச்சில்லை. என்னைக் கேட்காமலே என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டார்கள். ஏறியது ஏறியாகிவிட்டது, முழுச் சாட்சியமும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஜெர்மன் கார் வாங்குகிறவன் முட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் படுக்கத் தயாராக இல்லாமல் அதை வாங்குகிறவனைப் பற்றி ஊர் சொல்வது சரிதான். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. அந்தத் தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

2014-ல் ஓய்வு பெற்றேன். மறுவருஷம் வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒருவரின் குடும்பம் அவருடைய 1996 மாடல் பென்ஸை விற்கிறது என்று கேள்விப்பட்டேன். இ 250 டி. காரில் நாட்டமுள்ளவர்கள் டபிள்யூ 124 என்று சொல்லும் உடம்பு. பென்ஸ் கம்பெனி டெல்கோவோடு சேர்ந்து புனேயில் முதன்முதலாகப் பூட்டி விற்றது இந்த வகையைத்தான். ஐந்து சிலிண்டர் டீசல். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர், அது மூலைக்கு எட்டிப்போய் எட்டிப்போய்த் துடைக்கும். சின்ன வயதில் உடுமலை பஸ் ஸ்டாண்டில் நின்று வெளியூர்க் கார்களை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். 1,40,000 ரூபாய். ஓய்வுப் பணத்தில் கொடுத்தேன். என் மனைவி சொன்னது ஒரே வார்த்தை: "சரி." முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்தச் சரியின் அர்த்தம் தெரியும்.

வெள்ளிக்கிழமை பணம் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையிறங்கினேன். வால்பாறை ஆழியாறு சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் இருபது வளைவு சொகுசாகப் போனது. நானும் புதுமாப்பிள்ளை மாதிரி ஓட்டினேன், மூன்றாவது கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து. பத்தாவது வளைவை நெருங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு தரம் பம்ப் அடித்ததும் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் சுற்றுலாக்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிற இடத்தில், சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தினேன்.

ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். கீழே ஆழியாறு அணை அழகாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன? இதை நான் 33 வருஷம் கரும்பலகையில் எழுதியவன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கவேண்டும் என்பது விதி. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155 வரைக்கும் இறங்கலாம். தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நான் மிதித்தது குமிழை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய ஆயில், முன்னூறு நானூறு ரூபாய்ச் சமாச்சாரம், அந்த வண்டியில் எத்தனை வருஷமாக மாற்றப்படவில்லையோ. வாங்கும்போது நான் பெயின்டைப் பார்த்தேன், தோல் சீட்டைப் பார்த்தேன், நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கவில்லை.

இரண்டாவது கியரிலேயே மெல்ல இறங்கி ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் என் மனைவி, "இனி இந்த வண்டில நான் ஏறமாட்டேன்" என்றாள். பதினான்கு மாசம் ஏறவில்லை. எங்கே போவதென்றாலும் நான் பென்ஸில், அவள் டவுன் பஸ்ஸில்.

வண்டியை அடுத்த வாரமே விற்றுவிடுகிற எண்ணத்தில்தான் இருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன், 1994-ல் பத்தாம் வகுப்பு, கோவையில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனிடம் கொண்டுபோனேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்ல வண்டிங் சார். வெச்சிருந்தவங்கதான் பாக்கல. நீங்க பாக்கறதா இருந்தா வெச்சுக்குங்க. என்னைப் பாக்கச் சொல்றதா இருந்தா வித்துப்போடுங்க, உங்க பென்சன் தாங்காது" என்றான். அந்தக் காலத்தில் அவன் பேப்பரில் நான் போட்ட மதிப்பெண்ணை இங்கே எழுதவில்லை. அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனிடம் போய் நின்று கற்றுக்கொண்டேன். ஸ்பேனர் பிடிக்கிற விதத்துக்கே நாலு தரம் திட்டு வாங்கினேன்.

கருவிகளிலிருந்தே தொடங்கவேண்டியிருந்தது. மாருதிக்கும் ஹோண்டாவுக்கும் வைத்திருக்கிற 12, 14 ஸ்பேனர்கள் இங்கே பெரும்பாலும் பயன்படாது. ஜெர்மன்காரனுக்கு 10, 13, 17, 19. சக்கரத்தில் நட்டு கிடையாது, போல்ட்டு. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டையில் போல்ட்டை நுழைக்கவேண்டும். அதை எப்படி முறுக்குவது என்பதற்கும் அளவு உண்டு, என் வண்டிக்கு 110 நியூட்டன் மீட்டர். ஏறி மிதித்து முறுக்குகிற நம்மூர் வழக்கத்தை விடுவதற்கு எனக்கே, திருப்புத்திறன் பாடம் நடத்தின எனக்கே, ஒரு வருஷம் ஆனது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைத்துவிட்டு வந்து வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். டகடகடகவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே விருந்தாளிகள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "சாவியக் கழட்டுங்க சார்" என்கிறார். சாவியைத் தூக்கிக் காட்டினேன். மாணவனுக்குப் போன் போட்டதும், "பானெட்டத் தொறந்தீங்கன்னா பம்புகிட்ட ஸ்டாப்புனு எழுதின சின்ன லிவர் இருக்குமுங் சார், அத அமுத்துங்க" என்றான். அமுக்கியதும் நின்றது. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பெட்ரோல் வண்டியில் தீப்பொறியை நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். டீசலுக்குத் தீப்பொறியே கிடையாது, எண்ணெயை நிறுத்தவேண்டும். இந்த வண்டி அதை வெற்றிடத்தால் செய்கிறது. எஞ்சினில் ஒரு வெற்றிடப் பம்பு. அங்கிருந்து மெல்லிய குழாய் சாவித்துளை வரை வந்து, திரும்ப டீசல் பம்புக்குப் போய், ஒரு ரப்பர்ச் சவ்வை இழுக்கிறது. வழியில் ஊசித்துளை அளவு ஒழுக்கு இருந்தால் சவ்வு அசையாது, எஞ்சின் நிற்காது. மறுநாள் மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கினேன். குழாயின் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்துவிட்டேன். தண்டு திரும்ப உள்ளே ஓடினால் அந்தத் துண்டு நல்லது. இழுத்த இடத்திலேயே நின்றால் ஒழுக்கு. நாலாவது துண்டில் நின்றது. முழங்கை மாதிரி வளைந்த ரப்பர் இணைப்பு ஒன்று வெடித்திருந்தது. நாற்பது ரூபாய்.

இதே கோளாறுக்கு ஓர் இடத்தில் டீசல் பம்பையே மாற்றவேண்டும் என்று சொல்லி என்னிடம் கேட்ட தொகையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது ரூபாய் ரப்பரைத் தேட ஒரு நாள் முழுக்கச் செலவழித்தால் அவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. எனக்கு ஆகும். வீட்டில் ரிப்பேர் பார்ப்பதன் லாபம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்முடைய நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

குளோ பிளக் கதையும் அப்படியே. மார்கழிக் காலையில் வண்டி கிளம்பாமல் இருமியது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு செத்திருந்தது. நல்ல பிளக் ஓர் ஓம்மை ஒட்டிக் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. முதல் பிளக் எளிதாகக் கழன்றது. இரண்டாவது கரியில் இறுகிப்போய்விட்டது. அதை வேகமாக முறுக்கினால் உள்ளே உடைந்து நின்றுவிடும், பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்றவேண்டி வரலாம். தினமும் சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஒரு சின்ன அசைப்பு. ஐந்து நாள் அசையவில்லை. ஆறாவது நாள் அசைந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்களிடம் நான் இந்தப் பொறுமையில் பாதி காட்டியிருந்தால் என்று அன்றைக்குத் தோன்றியது. சரி, அது வேறு பதிவு.

இதையெல்லாம் படித்து உற்சாகமாகிவிடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்திருந்தேன். எங்கள் வாசல் சிமென்ட் தரை ரோட்டைப் பார்த்து லேசாகச் சரிவு. 17 ஸ்பேனரை உள்ளே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்க வெளியே வந்து இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னால் சத்தம் கேட்டது. ஜாக்கி சாய்ந்து, வண்டி பிரேக் டிஸ்க்கின் மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. என் மார்பு இருந்த இடத்தில் எஞ்சினின் அடித்தட்டு. இதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வாள்.

அன்றைக்கே இரும்பு ஸ்டாண்டு நாலு வாங்கினேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப்போடவேண்டும். சரிவில் தூக்கவே கூடாது. இதை மறந்தால், நான் மற்றபடி எழுதியது எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

இனி கணக்கு. நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வாங்கியது 1,40,000. நாலு வருஷத்தில் செலவு 2,12,000. அதில் கருவிகளுக்கு மட்டும் 38,000. ஆக 3,52,000. இந்தப் பணத்துக்கு ஒரு புது ஆல்டோ வாங்கியிருக்கலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். சரியான கணக்கு. வண்டி ஓடாமல் நின்ற நாட்கள் 161. அந்த நாட்களில் என் பழைய டி.வி.எஸ். 50-யும் டவுன் பஸ்ஸும்தான் எனக்குத் துணை. எனவே 'சீப்பாகக் கிடைக்குது' என்ற வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லவேண்டாம். நான் இதைச் சிக்கனத்துக்காக வைத்திருக்கவில்லை. கையால் ஒன்றைப் புரிந்துகொள்கிற சுகத்துக்காக வைத்திருக்கிறேன். சிலர் ஓய்வுக்குப் பிறகு காசி போகிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். எனக்கு அறுபது வயதுக்கு மேல் கிடைத்த பள்ளிக்கூடம் இது. சம்பளம் வாங்கிய பள்ளிக்கூடத்தைவிட இதில் ஃபீஸ் அதிகம், அவ்வளவுதான்.

அப்படியானால் மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறேன்? வயதில் ஒன்பது வருஷம் இளைய வண்டிதானே அது என்று கேட்கிறான். அதுதான் வில்லங்கமே. என் வண்டிக்கும் அவன் பார்க்கிற வண்டிக்கும் நட்சத்திரம் ஒன்று, வயிறு வேறு. 2002-க்குப் பிறகு வந்த அந்த இ-கிளாஸில் முதல் நாலு வருஷ வண்டிகளுக்கு பிரேக்கே மின்சாரத்தில் இயங்குவது. நாம் மிதிப்பதைக் கம்ப்யூட்டர் படித்து, ஒரு பம்பு அழுத்தம் கொடுக்கும். கம்பெனியே 2004-ல் இந்த ஏற்பாட்டுக்காக லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. 2006-ல் அதே காரின் முகத்தை மாற்றியபோது இதைக் கைவிட்டு, பழைய மாதிரி பிரேக்குக்கே திரும்பியது. இன்னொன்று, எத்தனை தரம் பிரேக் பிடித்தோம் என்று அந்தப் பெட்டி எண்ணிக்கொண்டே வரும். கணக்கு முடிந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை, பெட்டியை மாற்றவேண்டும். பதினாலு வருஷம் டெல்லி நெரிசலில் ஓடிய வண்டியில் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறதோ.

வீட்டில் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதில் உள்ள ஆபத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். சாதாரணக் காரில் பிரேக் பேடு மாற்றுவது ஒரு மணி நேர வேலை, மாணவர்களுக்கே கற்றுத் தரலாம். இந்தக் காரில் முதலில் அந்தப் பம்பைச் செயலிழக்கச் செய்யவேண்டும். மறந்துவிட்டு பேடைக் கழற்றி உள்ளே விரலை விட்டிருக்கும்போது வீட்டுக் குழந்தை யாராவது ரிமோட்டை அமுக்கினாலோ, கதவைத் திறந்தாலோ, பம்பு தானாக விழித்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளும். விரல் நசுங்கும். இது மாப்பிள்ளைக்குத் தெரியாது. புரோக்கருக்குத் தெரியுமோ என்னவோ, அவர் சொல்லவில்லை.

அந்த டீசல் எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் சின்னச் செம்பு வாஷர் உண்டு. அது கசிந்தால் எரிந்த புகை மேலே வந்து தார் மாதிரி கறுப்பாக உறைந்து, இன்ஜெக்டரையே சிறைபிடித்துவிடும். ஆரம்பத்தில் பார்த்தால் வாஷர் விலையோடு போகும். விட்டுவிட்டால் எஞ்சின் வேலை. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். "இல்ல மாமா, மூடி மேல பென்ஸ்னு எழுதியிருந்துச்சு, போட்டோ எடுத்தேன்" என்றான்.

மற்ற ஏழு பேருக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை. பி.எம்.டபிள்யூவில் 2007 வாக்கில் வந்த நாலு சிலிண்டர் டீசல்களில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். செயின் சத்தம் போட்டால் வாசலில் வைத்துப் பார்க்கிற வேலை அல்ல அது. பழைய பெட்ரோல் பி.எம்.டபிள்யூ என்றால் ரேடியேட்டர் பக்கத்துப் பிளாஸ்டிக் டப்பா, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு எல்லாவற்றையும் வெடிப்பதற்கு முன்பே மாற்றிவிடவேண்டும். வெடித்த பிறகும் 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்' என்று ஓட்டியவர்கள் எஞ்சினையே பறிகொடுத்திருக்கிறார்கள். ஆடி, ஃபோக்ஸ்வாகன் டீசலில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது சிறுவாணித் தண்ணீரே ஆனாலும். 1990-களின் நடுவில் வந்த பென்ஸ் பலவற்றில் எஞ்சின் வயரின் மேலுறை சூட்டில் அப்பளம் மாதிரி நொறுங்கும், வளைத்துப் பாருங்கள்.

டெல்லி வண்டி ஏன் இவ்வளவு மலிவு என்றும் தெரிந்துகொள்ளவேண்டும். பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அங்கே ஓடமுடியாத வண்டிகள்தான் தெற்கே இறங்குகின்றன. அதனாலேயே அவை கெட்ட வண்டிகள் ஆகிவிடாது. ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே கட்டவேண்டிய சாலை வரி, மறுபதிவு எல்லாம் விலைக்கு மேலே. மாப்பிள்ளை பார்க்கிற வண்டிக்கு அடுத்த வருஷம் பதினைந்து வயது முடிகிறது, எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இதில் ஒன்றைக்கூட அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். அதைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. ஸ்டெப்னி இருக்கிற குழியில் கையை விட்டுத் தடவுங்கள். தரைவிரிப்பை மோந்து பாருங்கள். மோந்து பார்க்கிற ஆளைக் கண்டால் புரோக்கர் முகம் மாறும், அந்த முகத்தையும் பாருங்கள்.

உதிரிபாகம் பற்றி. காரின் விலை பத்தில் ஒன்றாகியிருக்கலாம், உதிரிபாகத்தின் விலை அப்படிக் குறைவதில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பென்ஸ் டப்பாவில் வருகிற சாமான்களில் பலவற்றைச் செய்வது பாஷ், சாக்ஸ், லெம்ஃபோர்டர், மாலே போன்ற கம்பெனிகள். அவர்கள் தங்கள் சொந்த டப்பாவில் விற்பது விலை குறைவு. பாக எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். கிடைக்காததற்கு உக்கடமும் சென்னைப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. என் ஏ.சி. கம்ப்ரெசர் புதுப்பேட்டையிலிருந்து வந்ததுதான். பிரேக், ஸ்டியரிங் சாமான்களை மட்டும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் ரூபாய் உதிரிபாகத்தை மறுபேச்சில்லாமல் வாங்குகிற நாம், அதைப் பொருத்துகிறவர் ஆயிரம் கூலி கேட்டால் எழுநூறுக்கு இழுக்கிறோம். என் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் இதைச் செய்வதை ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த நாலு வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் இழுத்தேன். நம்மூரில் ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டித்தான் தொழிலுக்குள் வந்தார் என்று மேடை மேடையாகப் பேசுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பையன் கையில் கிரீஸ் பட்டால் 'படிச்சவன் செய்யற வேலையா இது' என்கிறோம். என் மாணவனும் சும்மா இல்லை. "நீங்க கழட்டிக் கொண்டாறத மாட்டறதுக்குத்தான் சார் எனக்கு ரெண்டு பங்கு நேரம் ஆகுது" என்று எல்லார் முன்னாலும் சொல்வான். அதில் உண்மை இருக்கிறது. எந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கூப்பிடவேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். நேராகவே கேட்டேன், "எதுக்குடா உனக்கு இந்த வண்டி?" கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான், "பொண்ணு பாக்கப் போறப்ப ஸ்விஃப்ட்ல போனா மதிக்க மாட்டேங்கறாங்க மாமா." இரண்டு இடத்தில் தட்டிப்போயிருக்கிறது. அவனைச் சிரிக்க எனக்கு மனசில்லை. வாசலில் நிற்கிற வண்டியை வைத்து ஆளை எடைபோடுகிற கூட்டம் நாம்தான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் நாம்தான். நானே நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தவன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் கேள், மாப்பிள்ளை. நகையை வைத்து வாங்கிய வண்டி பிரேக் எச்சரிக்கையோடு செட்டில் நின்றால், உன் அம்மா மாசாமாசம் வட்டி கட்டுவாள். வட்டி கட்டிக்கொண்டே பெண் வீட்டாருக்குக் காபியும் கொடுப்பாள். அந்தப் பணம் உன்னுடையது இல்லை.

தங்கச்சி, நீயும் இதைப் படிப்பாய். அவனைத் தடுக்கச் சொல்லி என்னைக் கேட்டாய். தடுக்கப்போவதில்லை, தடுத்தால் வேறு புரோக்கரிடம் போவான். அவனுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை என் வண்டிக்கு அடியில் வேலை செய்யவேண்டும். அதற்குப் பிறகும் பழைய ஜெர்மன் கார்தான் வேண்டும் என்றால், கடன் இல்லாமல் அவன் சேமிப்புக்குள் அடங்குகிற, கம்ப்யூட்டர் குறைந்த ஒரு வண்டியை நானே கூட வந்து மோந்து பார்த்து வாங்கித் தருகிறேன். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஒப்புக்கொண்டிருக்கிறான். அரைமனசுதான்.

இரண்டு ஞாயிறு முடிந்திருக்கிறது. முதல் ஞாயிறு ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டையில் வந்து பதினோரு மணிக்குப் போய்விட்டான். நேற்று ஏழரை மணிக்கே வந்தான், பழைய பனியனில். ஸ்டாண்டு வைத்துவிட்டு, நான் சொல்லாமலே வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

வருகிற ஞாயிறு பிரேக் ஆயில் மாற்றம். ஒருவர் அடியில், ஒருவர் பெடலில். கோவையில் இருக்கிற மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், பழைய துணியோடு வாருங்கள். டீ உண்டு. கிரீஸ் கையோடு சோஃபாவில் உட்காரக்கூடாது என்பது வீட்டு அம்மாவின் உத்தரவு. ஜாக்கி விஷயத்தைப் படித்த பிறகு அந்த டீயும் கிடைக்குமா என்பதை நாளைக்குச் சொல்கிறேன்.